முகமூடியைக் கழற்றினால் வாய் அடங்குமா?

"போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக டெலிகிராமில் நான்காயிரம் பேர் கொண்ட குழு ஒன்றை நடத்துகிறோம். பாதிக்கு மேல் புனைபெயர்கள். விடைக்குறிப்பு வெளியாகும் நாளிலும் முடிவு வரும் நாளிலும் வசை, சாதிப் பேச்சு, பெண்களுக்குத் தனிச்செய்தியில் தொல்லை. இனி எல்லோரும் உண்மைப் பெயரில்தான் எழுத வேண்டும், ஆதார் நகல் தந்தால்தான் உறுப்பினர் என்று விதி கொண்டுவந்தால் சரியாகிவிடுமா?" இதுதான் உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பெயர் தெரியாத துணிச்சலில்தான் மனிதர்கள் தரங்கெட்டுப் பேசுகிறார்களா என்பது ஒன்று. பெயரை வெளியே இழுத்துப் போட்டால் யார் வாய் அடங்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு 'ஓரளவு ஆம்' என்று சொல்வேன். இரண்டாவதற்குப் பதில், நீங்கள் அடக்க நினைப்பவர்களைவிடக் காப்பாற்ற நினைப்பவர்களின் வாய்தான் முதலில் மூடும் என்பது.

தமிழ் விவாதக் களங்களில் பத்தாண்டுக்கு மேல் மட்டுறுத்துநராக, அதாவது பதிவுகளைப் பார்த்து ஒழுங்குபடுத்தும் 'மாடரேட்டராக' இருந்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி கல்வி, வேலைவாய்ப்புப் பிரிவுகளில். ஆகவே நீங்கள் சொல்லும் விடைக்குறிப்பு நாள் எனக்குப் பழக்கமான நாள். இந்தப் பொருள் பற்றி வந்த ஆய்வுகளையும் விடாமல் படித்து வந்திருக்கிறேன். சட்டம் என் துறையன்று. அதைத் தொடும் இடத்தில் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு, நான் பார்த்தவை எல்லாம் சில ஆயிரம் பேர் கொண்ட குழுக்கள். கோடிக்கணக்கானோர் புழங்கும் தளங்களுக்கு இதே மருந்து வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் யோசிக்கும் விதியை ஒரு நாடே சோதித்துப் பார்த்துவிட்டது. தென் கொரியாவில் 2007 ஜூலையில் இணைய உண்மைப்பெயர்ச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரிய தளங்களில் கருத்து எழுத வேண்டுமானால், நம் ஆதாரைப் போன்ற பதின்மூன்று இலக்கக் குடியிருப்புப் பதிவெண்ணைத் தந்து அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். 2009-இல் சட்டத்தின் வலையை விரித்து, நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேர் வந்துபோகும் தளங்கள் அனைத்தையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு யூடியூப், விதிக்குக் கட்டுப்படுவதற்குப் பதிலாகக் கொரியப் பக்கத்தில் காணொளி ஏற்றுவதையும் பின்னூட்டம் இடுவதையும் நிறுத்திவிட்டது. மக்கள் தளத்தின் அமைப்பில் தங்கள் நாட்டை வேறொன்றாக மாற்றிக்கொண்டு வழக்கம்போல எழுதினார்கள். பலன் என்ன? அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத்தின் கணக்கிலேயே, தீய நோக்கமுள்ள பின்னூட்டங்களின் பங்கு ஒரு விழுக்காட்டுப் புள்ளிக்கும் குறைவாகத்தான் சரிந்தது. சட்டம் அமலில் இருந்தபோதே, 2008 அக்டோபரில், இணைய வதந்திகளால் துரத்தப்பட்ட நடிகை சோய் ஜின்-சில் தற்கொலை செய்துகொண்டார். பிறகு 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு ஆகிய தளங்களுக்குள் திருடர்கள் புகுந்து சுமார் மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ ஐந்து கோடி. 2012 ஆகஸ்ட் 23 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. கருத்துச் சுதந்திரத்தை இவ்வளவு கட்டுப்படுத்தும் சட்டம், தான் வாக்களித்த பொது நன்மையைக் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

கொரியக் கதை அதோடு முடியவில்லை. உங்களுக்குப் பயன்படும் பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. 2019-இல் இன்னொரு இளம் கலைஞரின் மரணத்துக்குப் பிறகு 'டாவும்' என்ற இணையத் தளம் பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே இருந்த பின்னூட்டப் பெட்டியையே மூடியது. 2020 மார்ச்சில் நேவர் தளமும் மூடியது. அதே மாதம் நேவர் இன்னொன்றும் செய்தது. மற்ற செய்திகளுக்குக் கீழே எழுதுபவரின் பெயரைக் கேட்காமல், அவர் இதற்கு முன் எழுதிய பின்னூட்டங்கள் அனைத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஆக்கியது. பதின்மூன்று ஆண்டு சுற்றிவிட்டு, 'நீ யார்' என்ற கேள்வியிலிருந்து 'இங்கே இதுவரை எப்படி நடந்துகொண்டாய்' என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள். உங்களுக்கு நான் சொல்லப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

பெயர் போட்டால் வெட்கம் வரும் என்ற நம்பிக்கை, திட்டுகிறவர் தான் தவறு செய்வதாக நினைக்கிறார் என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. பெரும்பாலும் அவர் அப்படி நினைப்பதில்லை. நியாயத்துக்காகப் பொங்குவதாக நினைக்கிறார். நியாயத்துக்காகப் பொங்குகிறவருக்குப் பெயரை மறைக்க என்ன அவசியம்? ஜெர்மனியில் மனுக்களுக்குக் கையெழுத்துத் திரட்டும் தளம் ஒன்றில் 2010 முதல் 2013 வரை எழுதப்பட்ட ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை ஆராய்ந்தபோது, பெயரை வெளிப்படையாகப் போட்டவர்களின் பேச்சில்தான் வன்மம் கூடுதலாக இருந்தது. இந்த ஆய்வு 2016-இல் வெளியானது. இதை வைத்து 'உண்மைப் பெயர் மனிதரைக் கெடுக்கும்' என்று முடிவு கட்டிவிட முடியாது. மனுத் தளத்துக்கு வருகிறவர்களே கொதிப்போடு வருகிறவர்கள். பெயர் சொல்லலாமா வேண்டாமா என்பதும் அவரவர் விருப்பம். ஆனால் பெயர் ஒரு கடிவாளம் என்ற எண்ணத்தை அது நன்றாகவே அசைத்துவிடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சித்தப்பாவும் மாமாவும் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு என்னென்ன எழுதுகிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஜெர்மன் ஆய்வே தேவைப்படாது.

இனி விலை யார் தலையில் விழும் என்று பாருங்கள். நம் ஊரில் பெயர் வெறும் பெயராக நிற்பதில்லை. மதம் பல நேரம் பெயரிலேயே தெரிந்துவிடும். ஊரும் தந்தை பெயரும் சேர்ந்தால் சாதியைக் கண்டுபிடிக்க நம்மவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். உங்கள் குழுவில் எழுகிற சண்டையில் பாதி 69 விழுக்காடு இடஒதுக்கீட்டையும் கட்-ஆஃபையும் சுற்றித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தச் சண்டைக்குள் ஒவ்வொருவர் நெற்றியிலும் பெயர்ப்பட்டையை ஒட்டி அனுப்பினால் பேச்சு எந்தத் திசையில் போகும்? பெண்களின் நிலை இன்னும் மோசம். சொந்தப் பெயரும் படமும் வைத்திருக்கும் பெண், 'இந்தக் கணக்கு புரியவில்லை' என்று குழுவில் ஒரு வரி எழுதினால் போதும், இரவு பதினொரு மணிக்குத் தனிச்செய்தியில் பாடம் சொல்லித்தர நான்கு பேர் வந்து நிற்பார்கள். நான் பார்த்த களங்களில் பல பெண்கள் 'வைகை', 'மழைத்துளி', வெறும் எண்கள் என்று பெயர் வைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். வேலை பார்த்துக்கொண்டே ரகசியமாகத் தேர்வுக்குப் படிப்பவர், மூன்று முறை தோற்றதை ஊரில் யாருக்கும் சொல்லாதவர், திருமணத்துக்குப் பின் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் விண்ணப்பித்தவர், இவர்கள் எல்லோரும் உங்கள் குழுவில் இருக்கிறார்கள். துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஒரு பெண் 'சல்மா' என்ற புனைபெயர் இல்லாமல் கவிதை எழுதியிருக்க முடியாது. பொதுத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தப் போகும்போது மாணவர் அடையாளத்தை மறைத்துவிடுகிறார்களே, ஏன்? பெயர் தெரியாவிட்டால்தான் சில இடங்களில் நியாயம் நடக்கும் என்று நமக்கே தெரியும்.

பெயர் மறைவு மட்டும் காரணமில்லை என்றால் வேறு எதுதான் காரணம்? ஒற்றைக் காரணம் கிடையாது. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மறப்பதில்லை. முன்பின் அறியாத 71 ஜோடிகளைக் கணினி வழியே பேசவைத்தார்கள். உயிர்காக்கும் மருந்து ஒன்று இருவருக்கும் தேவை, யாருக்குக் கொடுப்பது என்று இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். சிலருக்கு எதிராளியின் விவரங்கள் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலருக்கு உருவம் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலர் கேமரா வழியே கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டார்கள். வசையையும் மிரட்டலையும் அதிகம் வெளியே கொண்டுவந்தது பெயர் தெரியாமை அன்று, கண்ணைப் பார்க்க முடியாமை. எதிரில் ஒரு முகம் சுருங்குவதைப் பார்த்தால் நாக்கு தானாகவே தயங்குகிறது. எழுத்தில் அந்த முகம் இல்லை; ஆதார் நகலாலும் அந்த முகத்தைக் கொண்டுவர முடியாது. இது சிறிய ஆய்வுக்கூடச் சோதனைதான், அதன்மேல் பெரிய மாளிகை கட்டக் கூடாது. ஆனால் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

உங்கள் குழுவுக்காகவே செய்தது போன்ற ஆய்வு ஒன்றும் இருக்கிறது. ஸ்டான்போர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். பங்கேற்பாளர்களில் ஒரு பகுதியினருக்கு ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டிய கடினமான தேர்வு. முடிந்ததும் 'சராசரியைவிட மோசமாகச் செய்திருக்கிறீர்கள்' என்ற அறிவிப்பு. மற்றவர்களுக்கு எளிய தேர்வு, பாராட்டு. அதன் பிறகு எல்லோரும் ஒரு கட்டுரைக்குக் கருத்து எழுத வேண்டும். சிலருக்கு மேலே ஏற்கெனவே வசையான கருத்துகள் இருந்தன, சிலருக்குச் சாதாரணமானவை. எளிய தேர்வு எழுதி, சாதாரணக் கருத்துகளைப் பார்த்தவர்களில் சுமார் 35 விழுக்காட்டினர் விஷமமாக எழுதினார்கள். கடினத் தேர்வும் மேலே வசையும் சேர்ந்தபோது அது 68 விழுக்காடாக ஏறியது. அதாவது தனியாக ஒரு விஷமி இனம் பிறந்து வந்து குழுவைக் கெடுப்பதில்லை. தேர்வில் அடிவாங்கிய சாதாரண ஆள், ஏற்கெனவே சாக்கடை ஓடும் இடத்தில் வாய் திறக்கிறார். உங்கள் குழுவில் விடைக்குறிப்பு நாளன்று நான்காயிரம் பேரும் ஒரே நேரத்தில் அந்தக் கடினத் தேர்வுப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் களத்தில் அப்படி ஒரு மாலை எப்படிப் போகும் என்பதைச் சொல்கிறேன். உத்தேச விடைக்குறிப்பு வெளியாகிறது. ஒருவர் 'இந்த வரலாற்றுக் கேள்விக்குக் கொடுத்திருக்கும் விடை தவறு, ஆட்சேபம் தெரிவிக்கலாமா?' என்று ஓர் உரையாடல் இழையைத் தொடங்குகிறார். இரண்டாமவர் பள்ளிப் பாடநூலின் பக்கத்தைப் படமெடுத்துப் போடுகிறார். நல்ல தொடக்கம். மூன்றாமவர், 'உங்களுக்கு ஒன்றரை மதிப்பெண் போகிறது என்பதற்காக வரலாறு மாறாது' என்கிறார். சிரிப்புக் குறிகள் ஒரு டஜன். நான்காமவர், 'உங்களுக்கு ஏன் கவலை, எப்படியும் கோட்டாவில் வந்துவிடப் போகிறீர்கள்' என்கிறார். அதற்குப் பிறகு வரும் இருநூறு பதிவுகளில் அந்த வரலாற்றுக் கேள்வி ஓரிடத்திலும் இல்லை. இந்த நான்காமவரைத்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் முகமூடிக்காரர் கிடையாது. சொந்தப் பெயர், கோட்டு போட்ட படம், மாதக்கணக்கில் எல்லோருக்கும் குறிப்புகள் ஏற்றித் தந்த புண்ணியவான். அன்று மாலை கூட்டிப் பார்த்ததில் அவருக்குப் பத்து மதிப்பெண் குறைந்திருக்கும். அவரிடம் ஆதார் நகல் வாங்கியிருந்தாலும் அந்த வரியை எழுதியிருப்பார். மூன்றாம் பதிவுக்கும் நான்காம் பதிவுக்கும் நடுவே ஒரு மட்டுறுத்துநர் வந்து, 'இந்தக் கேள்விக்கான ஆதாரங்களை மட்டும் இங்கே போடுங்கள், ஆட்சேபத்துக்கான கடைசி நாளுக்குள் தொகுத்துத் தருகிறோம்' என்று சொல்லியிருந்தால், அவர் எழுதாமலே போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எனவே அந்த நாட்களில் முதல் கால் மணி நேரத்துக்கு ஆள் வேண்டும். டெலிகிராமில் மெதுவாக்கும் வசதி இருக்கிறது. ஒருவர் ஒரு பதிவு போட்டபின் சில நொடிகள் முதல் ஒரு மணி நேரம் வரை அடுத்ததைப் போட முடியாதபடி வைக்கலாம். முடிவு நாளில் ஐந்து நிமிடமாக வையுங்கள். சூடான பதில் பல பேருக்கு ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும்.

பெயருக்கு வருவோம். அநாமதேயத்துக்கும் புனைபெயருக்கும் இடையே உள்ள தூரம் பெரியது. உங்கள் கேள்வியில் அது ஒன்றாகக் கலந்துவிட்டது. இன்று ஒரு பெயர், நாளை ஒரு பெயர் என்று மாற்றிக்கொண்டே போகிறவருக்கு இழக்க ஒன்றுமில்லை. ஒரே புனைபெயரில் இரண்டு ஆண்டு எழுதியவருக்கு அந்தப் பெயர் ஒரு சொத்து. 'ஹஃபிங்டன் போஸ்ட்' இதழ் தன் பின்னூட்டப் பகுதியில் அடுத்தடுத்து மூன்று முறைகளைக் கையாண்டது. முதலில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் எழுதலாம். 2013 இறுதியில், ஃபேஸ்புக் கணக்கின் மூலம் தளத்திடம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும், ஆனால் வாசகர் கண்ணுக்குப் புனைபெயரே தெரியும். 2014 நடுவில் முழுவதும் ஃபேஸ்புக் பெயருக்கே மாறினார்கள். சுமார் நாலரைக் கோடிப் பின்னூட்டங்களை ஆராய்ந்தவர்கள், உரையாடலின் தரம் நடுக்காலத்தில்தான் உயர்ந்து நின்றது, உண்மைப் பெயருக்குப் போனதும் இறங்கியது என்று கண்டார்கள். நடுக்காலத்து உயர்வுக்குக் காரணம் நிலையான புனைபெயரா, தளத்துக்கு ஆள் யாரென்று தெரியும் என்ற நினைப்பா, மீண்டும் மீண்டும் புதுக் கணக்கு தொடங்க முடியாமல் போனதா என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்றும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். நம் சிறுபத்திரிகைகளும் வார இதழ்களும் காலங்காலமாகச் செய்ததும் இதுதானே. ஆசிரியருக்கு முகவரி தெரியும், வாசகருக்குப் புனைபெயர் தெரியும், அந்தப் புனைபெயருக்கு ஒரு மதிப்பு உண்டு.

உங்கள் குழுவில் இதை ஆதார் இல்லாமலே செய்யலாம். டெலிகிராமில் பயனர்பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் பின்னால், தொலைபேசி எண் அல்லாத, மாறாத ஓர் எண் இருக்கிறது. நிர்வாகிகள் ஒரு சிறிய பதிவேட்டை அந்த எண்ணின் பேரில் வைத்துக்கொள்ளுங்கள்: எப்போது சேர்ந்தார், என்ன எச்சரிக்கை பெற்றார், யார் கொடுத்தது, எந்த வரிக்காக. புனைபெயர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாற்றினால் நிர்வாகியிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரே விதி போதும். தொலைபேசி எண்ணை யாருக்கும் தெரியாதபடி மறைப்பது எப்படி என்ற குறிப்பைக் குழுவின் உச்சியில் நிலையாகப் பொருத்தி வையுங்கள். புதிதாக வரும் பெண்களில் பலருக்கு அந்த வசதி இருப்பதே தெரியாது. புதியவருக்கு முதல் சில நாட்கள் எழுத மட்டும் அனுமதி, படமும் இணைப்பும் போட அனுமதி இல்லை என்று வைத்தால், தடை செய்யப்பட்டவர் புதுக் கணக்கோடு திரும்பி வந்து ஆடும் ஆட்டம் பாதியாகக் குறையும். முழுவதும் நிற்காது. இன்னொரு சிம் வாங்கி வருகிறவரை யாராலும் தடுக்க முடியாது. அவர் எழுதும் பாணியை வைத்து நீங்களே மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

விதிகள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குறைவாக, கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். ரெடிட் தளத்தின் அறிவியல் பிரிவில் நாதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர், சில இழைகளின் தலையில் மட்டும் விதிகளை ஒட்டிவைத்துச் சோதித்தார். அந்த இழைகளில் முதன்முறை எழுதுகிறவர்கள் விதிப்படி எழுதும் வாய்ப்பு எட்டு விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் கூடியது. அதைவிட முக்கியம், புதிதாக எழுத முன்வந்தவர்களின் எண்ணிக்கை சராசரியாக 70 விழுக்காடு உயர்ந்தது. கண்டிப்பு ஆட்களை விரட்டும் என்று பயப்படுகிறோம். இங்கே யாரும் கடித்துக் குதற மாட்டார்கள் என்று தெரிந்தால் கூச்சமுள்ளவர்கள் உள்ளே வருகிறார்கள்.

தண்டனையைப் பொறுத்தவரை நான் பின்பற்றியது எலினார் ஆஸ்ட்ரம் சொன்ன வழி. பொருளாதாரத்துக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றவர். பாசனக் கால்வாய், மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலை ஆகியவற்றை ஊர்மக்களே தலைமுறை தலைமுறையாகக் கெடாமல் காத்துவந்த இடங்களை ஆராய்ந்தார். அங்கெல்லாம் முதல் தவறுக்கு மிகச் சிறிய தண்டனை, திரும்பச் செய்தால் படிப்படியாகக் கூடும் தண்டனை என்ற ஏற்பாடு இருந்ததைக் கண்டார். எங்கள் களத்தில் முதல் முறை பதிவை நீக்கிவிட்டுத் தனிச்செய்தியில் காரணம் சொல்வோம். எந்த வரி, ஏன் என்று. 'விதிமீறல்' என்று மொட்டையாகச் சொன்னால் சண்டை இன்னொரு சுற்று போகும். இரண்டாம் முறை ஒரு நாள் எழுதத் தடை. மூன்றாம் முறை ஒரு மாதம். நிரந்தரத் தடை மிக அரிதாகத்தான் தேவைப்பட்டது. காரணம் சொல்லி நீக்கியபோது பலர் திருத்தி மறுபடி போட்டார்கள்; சிலர் மன்னிப்பும் கேட்டார்கள். காரணம் சொல்ல நேரம் பிடிக்கும், எரிச்சலாக இருக்கும், நமக்கே வசை விழும். வேறு வழி தெரியவில்லை.

நாகரிகம் என்பதைக் கெட்ட வார்த்தை இல்லாமை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் தவறான ஆளைத் தடை செய்வீர்கள். 'தகுதி அடிப்படையில் வருகிறவர்களுக்குத்தான் இப்போது இடமே இல்லையே, ஐயா' என்பதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. மரியாதை விகுதிகூட இருக்கிறது. அதைப் படித்துக் கொதித்துப்போய் ஒரு பையன் ஒற்றைச் சொல்லில் திட்டினால், வடிகட்டி பிடிப்பது பையனைத்தான். கோபம் வேறு, இழிவுபடுத்துவது வேறு. விடை தவறு என்று தேர்வாணையத்தின் மேல் கோபப்படுபவரை விடுங்கள், கத்தட்டும். ஆளின் பிறப்பை, உடலை, பெண் என்பதைத் தொட்டுப் பேசுவதை, எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும், நீக்குங்கள். சொல் வடிகட்டிகளை நம்பியும் இருக்காதீர்கள். தமிழ் வசையை ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதலாம், நடுவே புள்ளி வைக்கலாம், கடைசி எழுத்தை விழுங்கலாம். மறுபுறம், வடிகட்டி ஓர் அப்பாவி மாணவரின் இலக்கியக் கேள்வியைச் சங்கப்பாடல் சொல்லுக்காக விழுங்கிவிட்டதையும் பார்த்திருக்கிறேன்.

மிரட்டல், படத்தை உருமாற்றிப் பரப்புவது, தொலைபேசி எண்ணை வெளியிடுவது, தனிச்செய்தியில் ஆபாசம் ஆகியவை நாகரிகப் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டிவிட்டன, அவை குற்றங்கள். அவற்றுக்குப் படிப்படியான எச்சரிக்கை வேண்டாம், உடனே தடை. ஆனால் நீக்குவதற்கு முன் தேதி, நேரம், கணக்கு விவரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பாதிக்கப்பட்டவரிடம் கொடுத்துவிடுங்கள். நிர்வாகிகள் பதறிப்போய் முதலில் அழித்துவிடுகிறார்கள். பிறகு சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுக்கப் போகிறவர் கையில் ஒன்றும் இருப்பதில்லை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு, அவரை நெருக்காதீர்கள். புனைபெயர் என்பது சட்டத்திலிருந்து தப்பிக்கும் கவசம் ஒன்றும் இல்லை. கணக்கு தொடங்கிய எண், ஐபி முகவரி என்று தடயங்கள் நிறுவனங்களிடம் இருக்கும். அவற்றைக் கேட்டுப் பெறும் அதிகாரம் காவல் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. உங்களுக்கும் எனக்கும் அது இல்லை, இருக்கவும் கூடாது.

அதனால்தான் ஆதார் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கின் தீர்ப்பில், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிசெய்த, 57-ஆம் பிரிவின் பகுதியைச் செல்லாதென்றது. சட்ட நுணுக்கத்தை வழக்கறிஞர் சொல்லட்டும். நடைமுறையை நான் சொல்கிறேன். நான்காயிரம் பேரின் ஆதார் நகல்கள் யார் தொலைபேசியில் இருக்கும்? அந்த நிர்வாகி விலகிப் போனால் நகல்களும் அவரோடு போகுமா? பெண்களைத் தொல்லை செய்கிறவர்களில் ஒருவர் நாளை உங்கள் நிர்வாகிக்கு நண்பரானால்? கொரியாவின் பெருநிறுவனங்களாலேயே காப்பாற்ற முடியாததை ஒரு தொலைபேசியின் கேலரி காப்பாற்றாது.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவ்வளவுதான்: கட்டாய உண்மைப்பெயர் சொல்லிக்கொள்ளும்படி பலன் தந்ததற்குச் சான்று இல்லை, அதன் சேதம் எளியவர்கள் மேல் விழுகிறது, தொடக்கத்திலேயே தலையிடுவதும் விதிகளைக் கண்முன் வைப்பதும் உதவுகின்றன. நிலையான புனைபெயர் சிறந்தது என்பது வலுவான ஊகம், முடிந்த தீர்ப்பு அன்று. ஐந்து நிமிட மெதுவாக்கல், மூன்று படித் தண்டனை ஆகியவை என் கைப்பக்குவம். உங்கள் குழுவுக்கு அளவு மாறலாம். இவை எதுவும் ஆள் இல்லாமல் நடக்காது. ஒருவரே எல்லாவற்றையும் படித்து, நீக்கி, விளக்கம் சொல்லி, வசை வாங்கினால் ஆறு மாதத்தில் அவரே குழுவில் எரிந்து விழுகிறவராக மாறிவிடுவார். அப்படிப் பலரைக் கண்டிருக்கிறேன். முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் நிர்வாகி தன் பெயரை மறைத்துக் குழுவின் பெயரிலேயே எழுதும் வசதி உண்டு, அதை அணைத்துவிட்டு ஒவ்வொருவரும் தம் புனைபெயரில் நடவடிக்கை எடுக்கட்டும். குறைந்தது இரண்டு பெண்களாவது மட்டுறுத்துநர்களாக இருக்க வேண்டும். தனிச்செய்தித் தொல்லை பற்றிய புகார்கள் நேராக அவர்களிடம் போக வேண்டும். உங்கள் அடுத்த விடைக்குறிப்பு நாள் எப்போது என்று தெரியவில்லை. அதற்கு முந்தைய வாரமே, அன்று மாலை யார் யார் எந்த நேரம் பார்ப்பது என்று எழுதி வைத்துவிடுங்கள்.